மூடியில் காளான் படம், உள்ளே மாட்டிறைச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கொரிய கப் நூடுல்ஸ் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். "கொதிநீர் ஊற்றி மூன்று நிமிடம் மூடி வைத்தால் போதும்" என்று முடித்திருந்தீர்கள். போதாது ஐயா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகன் தென்கொரியாவில் தேஜான் நகரத்தில் ஆராய்ச்சி செய்கிறான். ஜனவரியில் நானும் என் வீட்டுக்காரரும் போய் ஐந்து வாரம் அவனோடு இருந்தோம். நல்ல பனிக்காலம். அவன் குடியிருக்கும் கட்டடத்துக்குக் கீழேயே இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் சின்னக் கடை ஒன்று உண்டு. அங்கே தெருவுக்குத் தெரு இப்படிக் கடைகள்தாம். ஒரு சுவர் முழுக்க கப் நூடுல்ஸ், பக்கத்தில் வெந்நீர் இயந்திரம், கண்ணாடியை ஒட்டி நின்றும் உட்கார்ந்தும் சாப்பிட நீளமான ஒரு பலகை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அதுதான் சாப்பாட்டுக் கூடம். நம் ஊரில் பொழுதுபோக்குக்கு வாங்கித் தின்னும் பண்டம் அங்கே ஒருவேளைச் சோறு. அதனால்தான் இதை விளையாட்டாக எழுதிவிட்டுப் போகக்கூடாது என்கிறேன்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் சாயங்காலம். மகன் வேலைக்குப் போயிருந்தான், நான் தூங்கிவிட்டேன். பசித்ததால் அவர் தனியாகக் கீழே இறங்கிப் போயிருக்கிறார். மூடியில் காளானும் வெங்காயத்தாளும் படம் போட்ட கப் ஒன்றைப் பார்த்து எடுத்திருக்கிறார். சைவம்தானே என்ற நம்பிக்கை. கடையில் இருந்த பையன் வெந்நீர் பிடிக்கக்கூட உதவினானாம். இரவு மகன் வந்ததும் காலிக் கப்பைத் திருப்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்பா, இதையா சாப்பிட்டீங்க?" என்றான். சூப்புத் தூளில் மாட்டிறைச்சிச் சாறு. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத மனிதர். எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து படுத்தவர் அன்று இரவு பேசவே இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் கப்பின் பின்னால் அச்சடித்துத்தான் இருந்தது. நமக்குப் படிக்கத் தெரியவில்லை.

நம் நாட்டில் பாக்கெட்டின் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று குழந்தைகூடச் சொல்லும். கொரியாவில் அப்படி ஒரு புள்ளி கிடையாது. அதற்குப் பதிலாக, பொருள்பட்டியலுக்குப் பக்கத்தில் வேறு நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்காகச் சட்டப்படி போடுவது. கோதுமை, பால், முட்டை, இறால் என்று எழுதி, 'ஹாம்யு' என்று முடியும். 'சேர்ந்திருக்கிறது' என்று அர்த்தம். மாடு, பன்றி, கோழி எது சேர்ந்திருந்தாலும் அதன் பெயர் அந்தக் கட்டத்தில் வந்தாக வேண்டும்.

நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவள். மறுநாளே மகனிடம் நோட்டும் பேனாவும் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாலைப் பொழுதில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. 1446-இல் செஜோங் மன்னர் பாமர மக்களுக்காக வெளியிட்ட எழுத்து அது. நம் உயிர்மெய் போலவே உயிரும் மெய்யும் ஒரு கட்டத்துக்குள் சேரும். 'கோகி' என்றால் இறைச்சி. அதன் முன்னால் 'சோ' வந்தால் மாடு, 'த்வேஜி' வந்தால் பன்றி, 'தக்' வந்தால் கோழி. 'சோ' எப்படி இருக்கும் என்றால், மேலே ஓட்டுக்கூரை மாதிரி இரண்டு சாய்கோடு, அதன் கீழே ஒரு படுக்கைக் கோடு, அந்தக் கோட்டின் நடுவில் மேல்நோக்கி ஒரு சின்னக் குச்சி. சில கம்பெனிகள் வலப்பக்கம் ஒரு நெட்டுக்கோடும் சேர்த்து எழுதும். அதுவும் மாடுதான்.

இரண்டு எச்சரிக்கை. அதே ஆலையில் வேறு என்னென்ன தயாராகிறது என்று இன்னொரு வரியும் அருகிலேயே இருக்கும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடுத்தது, நெத்திலி அந்தக் கட்டத்துப் பட்டியலில் இல்லை. ஆகவே சுத்த சைவக்காரர்கள் கட்டத்தை மட்டும் நம்பாமல் முழுப் பொருள்பட்டியலிலும் 'ம்யோல்ச்சி' என்ற சொல்லைத் தேட வேண்டும்.

இனி செய்முறை. மூடியைப் பாதி வரைக்கும்தான் உரிக்க வேண்டும். முழுக்க உரித்துவிட்டால் ஆவி நிற்காது, நூடுல்ஸ் நடுவில் விறைப்பாகவே இருக்கும். கப்பின் உள்சுவரில் ஒரு கோடு உண்டு, தண்ணீர் அதுவரைக்கும்தான். ஊற்றியதும் மூடியை அழுத்தி, மேலே சாப்பிடும் மரக்குச்சிகளைக் குறுக்கே வைத்துவிட வேண்டும். நிமிடம் கப்புக்குக் கப்பு மாறும். திறந்ததும் அடியிலிருந்து கிளற வேண்டும், காரத்தூள் முழுக்க அடியில்தான் தங்கியிருக்கும். புல்டாக் என்ற கார நூடுல்ஸ் வகைக்கு இந்தக் கணக்கு ஆகாது. அதில் தண்ணீரை வடித்த பிறகுதான் காரக்குழம்பைச் சேர்க்க வேண்டும். தெர்மோகோல் மாதிரியான கப்பை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. அதில் வைக்கலாம் என்று எழுதியிருக்கும் கப் வேறு. இயந்திரத்திலிருந்து பலகை வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வழியில் குறுக்கே ஓடிய ஒரு குழந்தையால் நான் ஒருமுறை அப்படியே நின்றுவிட்டேன், நெஞ்சு படபடத்துப் போயிற்று.

சூப்பை முழுக்கக் குடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்கே பெயர்பெற்ற ஷின் ராம்யோன் என்ற நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றிலேயே 1,790 மில்லிகிராம் சோடியம். ஒரு நாள் முழுவதற்குமே 2,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு, பாதிக்கு மேல் தொடவில்லை. மிச்சத்தைக் கழுவுதொட்டியில் கொட்டப் போனேன், மகன் தடுத்தான். மிச்சச் சூப்பு ஊற்றுவதற்கென்றே கடையில் தனி வாளி வைத்திருக்கிறார்கள். அதில் வடித்துவிட்டுத்தான் கப்பைக் குப்பையில் போட வேண்டும். வேலை முடித்து அதைச் சுத்தம் செய்வதும் பகுதி நேரம் பார்க்கும் ஒரு கல்லூரிப் பிள்ளைதான்.

கொரியப் பல்கலைக்கழகங்களில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் பருவம் தொடங்குகிறது. இங்கிருந்து படிக்கப் போகும் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன்னால் மாடு, பன்றி, கோழி, இறால், நெத்திலி ஆகிய ஐந்து சொற்களையும் கொரிய எழுத்திலேயே பெரிதாக அச்சிட்டு, பக்கத்தில் தமிழ் உச்சரிப்பும் போட்டு, கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளும்படி ஒரு சின்னக் கட்டமாக வெளியிடுங்கள். எழுத்துகளை வரைந்த தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். மகன் சரிபார்த்துவிட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
திண்டுக்கல்.