சப்வூஃபரைக் கழற்றுவதற்கு முன்னால்: கார் ஆடியோ பொருத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரில் ஆடியோ பொருத்தித் தரும் நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ், அதாவது பாட்டின் கனமான அடி ஒலி, வரும்போது சத்தம் கிழிகிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அரை நிமிஷம் பாட்டைக் கேட்டுவிட்டு "சப் போயிடுச்சு, மாத்திடலாம்" என்று சொல்லாதீர்கள். சப் என்பது சப்வூஃபர், பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். ஒரே வண்டியில் எனக்கு இரண்டு முறை அப்படிச் சொல்லி இரண்டு முறையும் மாற்றினார்கள். கடையில் மெதுவாக வைத்துப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது, வெளியே வந்து சத்தத்தை ஏற்றினால் பழைய கரகரப்பு அப்படியே. இரண்டாவது சப்பைக் கழற்றியபோது வாய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) பக்கத்திலிருந்து தீய்ந்த வாடை அடித்தது. அப்போதுதான் இது சப்பின் குற்றமில்லை, அதற்கு ஏதோ தப்பாகப் போய்ச் சேருகிறது என்று புரிந்தது.

மல்ட்டிமீட்டரோடு நானே டிக்கிக்குள் உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, ஆனால் ஆம்ப்பின் (சப்புக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) முனையில் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் 11 வோல்ட் பக்கம் இறங்கிவிட்டு ஏறுகிறது. எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருக்கிறது. சுரண்டாமல் பெயின்ட் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். தகடு வெளியே தெரியும்வரை சுரண்டி, வயரைக் குட்டையாக்கி, போல்ட்டை இறுக்கினேன். பாதிக் கரகரப்பு அங்கேயே போய்விட்டது.

மீதிப் பாதி ஆம்ப்பின் கெயினில் இருந்தது. கெயின் குமிழ் கடைசிவரை திருகியிருந்தது, பேஸை மட்டும் தூக்கிக் கொடுக்கும் பேஸ் பூஸ்ட்டும் முழுசாக. கெயின் என்பது வால்யூம் இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும், தெரிந்தும் வாடிக்கையாளர் "இன்னும் அடி வேணும்" என்றதும் கை அங்கேதான் போகிறது. ஸ்டீரியோவிலிருந்து வருவது 2 வோல்ட்டா 4 வோல்ட்டா என்று பார்த்து ஆம்ப்பை அதற்குப் பொருத்துவதற்குத்தான் அந்தக் குமிழ். அதைத் தாண்டித் திருகினால் ஆம்ப்பால் கொடுக்க முடியாத உயரத்தை அலை கேட்கிறது, தலை தட்டையாக வெட்டுப்படுகிறது. நாம் கிழிசல் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலையில், அதே உயரமுள்ள சுத்தமான அலையைவிட இரண்டு மடங்கு பவர் இருக்கும், அது காயிலில் சூடாகத்தான் இறங்கும். சின்ன ஆம்ப் பெரிய சப்பை எரிக்காது என்று சொல்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். பேஸ் பூஸ்ட் இன்னும் மோசம்: 12 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் 16 மடங்கு பவர் கேட்கிறீர்கள். எந்த ஆம்ப்பிடம் அவ்வளவு மிச்சம் இருக்கும்?

சரிசெய்ய அதிக நேரம் ஆகாது. சப்பின் வயரைக் கழற்றுங்கள், பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம், கெயினையும் அடியோடு குறைத்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு வால்யூமை முக்கால்வாசியில் நிறுத்துங்கள். ஆம்ப்பிலிருந்து எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று தெரிய, ஆம்ப்பின் வாட்ஸைச் சப்பின் ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும், 4 ஓம்ஸில் 300 வாட்ஸ் என்றால் 34.6 வோல்ட். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்பில் சப் வயர் இருந்த முனைகளில் பிடித்து, அந்த எண் வரும்வரை கெயினை மெதுவாக ஏற்றி நிறுத்திவிடுங்கள். ஆசிலோஸ்கோப் (அலையை வரைந்து காட்டும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது, அலையின் தலை எப்போது தட்டையாகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம், ஸ்டீரியோவே வெட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒன்று, கரகரப்பு சப்பிலிருந்துதான் வருகிறதா என்பதையே பல பேர் பார்ப்பதில்லை. சப்பை நிறுத்திவிட்டு அதே பாட்டைப் போடுங்கள். கதவு ஸ்பீக்கர் தனியாகக் கத்துகிறது என்றால், ஆறு அங்குல ஸ்பீக்கரிடம் 40 ஹெர்ட்ஸை வாங்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ள ஒலியைத் தடுக்கும் ஃபில்டர்) வைத்தாலே அடங்கும். நம்பர் பிளேட், கதவுப் பேனல் ஆடுவதும் கிழிசல் மாதிரிதான் கேட்கும், கையால் அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சப் நிஜமாகவே போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சப்பின் முன்னால் இருக்கும் கோனை நாலு விரலால் சமமாக மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் வளைந்திருக்கிறது. ஓம்ஸையும் அளந்து பாருங்கள், 4 ஓம்ஸ் காயில் 3-க்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. அப்போது மாற்றச் சொல்லுங்கள், மாற்றுகிறோம். அந்த மீட்டரை எங்களுக்கும் காட்டிவிட்டு மாற்றுங்கள்.

வண்டியைக் கையில் கொடுக்கும்போது கெயின் குமிழ் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, எத்தனை வோல்ட்டுக்கு வைத்தீர்கள், ஸ்டீரியோவில் எந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்று இரண்டே வரி எழுதிவிடுங்கள். அடுத்து யார் கைக்கு வண்டி போனாலும் அங்கிருந்து தொடங்கிக்கொள்வார்கள்.