தேனி வளையப் பேக்ஹால்: தவறான சப்நெட் திட்டத்தைத் திருத்தித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தொழில்நுட்பப் பிரிவு,
இணையச் சேவைக் கட்டுப்பாட்டு அறை,
தேனி.

பெறுநர்:
மேலாளர்,
வயர்லெஸ் வலையமைப்பு வடிவமைப்புப் பிரிவு.

பொருள்: ஆறு டவர் பேக்ஹால் (டவர்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதன்மை இணைப்பு) வளையத்துக்குப் போட்டுத் தந்த ஐபி (முகவரி ஒதுக்கீட்டு) திட்டத்தில் உள்ள பிழைகள் – கூடுதல் கட்டணமின்றித் திருத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், தேவாரம், போடி, மறுபடி தேனி என ஆறு 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புகளை வளையமாக நிறுவி, ஐபி திட்டமும் ரூட்டர் கட்டமைப்பும் செய்து தருவது உங்கள் ஒப்பந்தப் பொறுப்பு. ரேடியோ நிறுவிய வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஷ் அலைன்மெண்ட் நன்றாக இருக்கிறது, ஆறு இணைப்பிலும் சிக்னல் ஆடாமல் நிற்கிறது. எங்கள் புகார் முழுக்க ஐபி திட்டத்தைப் பற்றியது.

மாலை 7 மணிக்கு மேல் போடி, தேவாரம் சந்தாதாரர்களுக்கு வேகம் படுத்துவிடுகிறது என்று தெரிவித்தோம். அதற்கு, தேனி–சின்னமனூர் ரேடியோவின் கொள்ளளவு போதவில்லை, பெரிய ரேடியோ மாட்ட வேண்டும் என்று விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறீர்கள். போடிக்கும் தேனிக்கும் நடுவே 400 எம்பிபிஎஸ் தாங்கும் நேரடி இணைப்பு இருக்கும்போது, போடியின் நெரிசல் சின்னமனூரில் எப்படி வந்தது என்று உங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். உச்ச நேரத்தில் போடி–தேனி ரேடியோவின் கவுண்டரில் ஓடுவது சில நூறு கேபிபிஎஸ் மட்டுமே. தேனியிலிருந்து போடிக்கு டிரேஸ்ரூட் (டேட்டா எந்த ரூட்டர்கள் வழியாகப் போகிறது என்று காட்டும் சோதனை) போட்டால் ஒரே தாவல்தான் காட்டுகிறது. ஆனால் 2 மில்லிவிநாடியில் வர வேண்டிய பதில் 11, 12 என்று வருகிறது. பிரிட்ஜின் (பல போர்ட்டுகளை ஒரே வலையாகச் சேர்க்கும் அமைப்பு) மேக் அட்டவணையை, அதாவது எந்தச் சாதனத்தின் வன்பொருள் முகவரி எந்தப் போர்ட்டில் என்ற பட்டியலை, திறந்தால் விஷயம் தெரிந்துவிடும்: போடி ரூட்டரின் மேக் முகவரியை தேனி ரூட்டர் சின்னமனூர் பக்கத்துப் போர்ட்டில் கற்று வைத்திருக்கிறது. அதாவது போடியின் டேட்டா தேவாரம், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஐந்து இணைப்புகளைச் சுற்றித் தேனிக்கு வருகிறது. ரூட்டர்களுக்கு வழி தேர்ந்தெடுக்கும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் மட்டும் இது பக்கத்து வீடு என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

காரணம், ஒவ்வோர் இணைப்புக்கும் நீங்கள் /30 (நான்கு முகவரி கொண்ட சப்நெட், அதாவது முகவரித் துண்டு) ஒதுக்கியது. /30-இல் பயன்படக்கூடிய முகவரி இரண்டே இரண்டு. அவை இரு முனை ரூட்டர்களுக்கே போய்விடும். பிரிட்ஜ் முறையில் ஓடும் இரண்டு ரேடியோக்களுக்கும் நிர்வாக முகவரி வேண்டாமா? திட்டத்தில் அவற்றுக்கு இடமில்லாததால் பன்னிரண்டு ரேடியோக்களையும் 192.168.1.0/24-இல் போட்டிருக்கிறீர்கள். அப்புறம் தேனியிலிருந்து அவற்றைத் தொட வேண்டுமே என்று, ஆறு ரூட்டர்களிலும் பேக்ஹால் போர்ட்டுகளை ஒரே பிரிட்ஜில் சேர்த்து விட்டீர்கள். அந்தக் கணமே வளையம் முழுவதும் ஒரே லேயர் 2 (இடையில் ரூட்டிங் இல்லாத ஒரே உள்வலை) ஆகிவிட்டது. வளையத்தில் லூப் வராமல் (டேட்டா முடிவின்றிச் சுற்றாமல்) இருக்க, அதற்கான நெறிமுறையான ஆர்எஸ்டிபி ஏதாவது ஒரு போர்ட்டை அடைத்தாக வேண்டும். முன்னுரிமை எண்ணை எங்கும் மாற்றாததால், மேக் முகவரி சிறியது என்ற ஒரே தகுதியில் உத்தமபாளையம் ரூட்டர் ரூட் பிரிட்ஜ் (மற்றவை வழியைக் கணக்கிடும் மையம்) ஆனது. அங்கிருந்து போடிக்கு இரு பக்கமும் மூன்று தாவல். சமநிலையில் தேவாரம் பக்கம் வென்றது, தேனி பக்கத்துப் போர்ட் அடைபட்டது. வளையத்திலேயே நல்ல இணைப்பு சும்மா கிடப்பது இப்படித்தான். இந்த நிலையில் சின்னமனூருக்கு எவ்வளவு பெரிய ரேடியோ வாங்கினாலும் போடியின் டேட்டா சுற்று வழியில்தான் வரும்.

/30 போட்டதால் என்ன மிச்சம் என்பதும் புரியவில்லை. 10.0.0.0/8-இல் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் முகவரிகள் இருக்கின்றன, ஆறு இணைப்புக்கு அதில் கஞ்சத்தனம் எதற்கு? பொது முகவரியில் இணைப்பு போடும்போது சிக்கனம் பார்க்கலாம். அப்போதும் 2000-இல் வெளியான இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 3021 சொல்லும் /31 (இரண்டே முகவரி) இருக்கிறது.

அடுத்தது போடி–தேனி இணைப்பின் முகவரிகள். போடி முனைக்கு 10.20.0.22, தேனி முனைக்கு 10.20.0.25 கொடுத்திருக்கிறீர்கள். /30 துண்டுகள் நான்கின் மடங்கில்தான் தொடங்கும். 22 இருப்பது 20–23 துண்டில், 25 இருப்பது 24–27 துண்டில். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. பிங் போகவில்லை என்றதும் எண்ணைத் திருத்தாமல், இரு முனையிலும் மாஸ்க்கை (சப்நெட்டின் அளவைக் குறிக்கும் எண்) /28 ஆக்கி ஒப்பேற்றியிருக்கிறார்கள். அது 16 முதல் 31 வரை வளைத்துக்கொண்டது. தேவாரம்–போடி இணைப்பின் 10.20.0.16/30 அதற்குள்ளேயே கிடக்கிறது. நீளமான மாஸ்க்குக்கே முன்னுரிமை என்ற விதியால் இன்றைக்குப் பாதிப்பு வெளியே தெரியவில்லை. ஆனால் போடி ரூட்டர் பழுதாகி வேறு தயாரிப்பை மாட்டும் இரவில், ஒன்றின்மேல் ஒன்று விழும் இரண்டு சப்நெட்டை ஒரே பெட்டியில் பல ரூட்டர்கள் ஏற்காது. கட்டமைப்பைக் காப்பி செய்து போட்டால் பாதியில் பிழை சொல்லி நிற்கும். தவிர, 24, 28 என்ற இரண்டு துண்டுகளையும் புதிய இணைப்புக்குக் கொடுக்க வழியில்லை.

192.168.1.0/24 இன்னொரு தலைவலி. கடைகளில் விற்கும் வீட்டு ரூட்டர்களில் பலவும் அந்த வரிசையில்தான் வருகின்றன. உத்தமபாளையத்தில் கட்டட உரிமையாளர் வீட்டு ரூட்டரின் லேன் கேபிளை எங்கள் ரூட்டரின் காலிப் போர்ட்டில் செருகினார்கள். அந்தப் போர்ட்டும் உங்கள் பிரிட்ஜில் இருந்ததால், அவர் ரூட்டரின் 192.168.1.1 தேனி கேட்வேயின் 192.168.1.1-உடன் மோதி, பன்னிரண்டு ரேடியோக்களும் கண்காணிப்புத் திரையில் சிவப்பாயின. பயன்படாத போர்ட்டுகளை அணைத்து வைப்பது அடிப்படை வேலை.

எங்களுக்கு வேண்டிய திட்டம் இது. 10.20.0.0/24 முழுவதும் பேக்ஹாலுக்கு, இணைப்புக்கு ஒரு /29 (எட்டு முகவரி). மொத்தம் 32 இணைப்புக்கு இடம் இருக்கும். தேனி–சின்னமனூர் 0-இல் தொடங்கட்டும், வளைய வரிசையிலேயே 8, 16, 24, 32, கடைசியாக போடி–தேனி 40. ஒவ்வொரு துண்டிலும் முதல் முகவரி இந்த முனை ரூட்டர், இரண்டாவது அதன் ரேடியோ, ஐந்தாவது எதிர்முனை ரேடியோ, ஆறாவது எதிர்முனை ரூட்டர். ஆக போடி ரூட்டர் 41, அதன் ரேடியோ 42, தேனி ரேடியோ 45, தேனி ரூட்டர் 46. நடுவில் மிஞ்சும் இரண்டும் ரேடியோ மாற்றும் நாளில் புதியதைப் பழையதன் பக்கத்தில் ஏற்றிப் பார்க்க உதவும். ரேடியோவின் கேட்வே அந்தந்த முனை ரூட்டராகவே இருக்க வேண்டும். இரண்டுக்கும் தேனியையே காட்டி விடாதீர்கள்.

/29-இல் ஒரு குறை உண்டு, தெரிந்தேதான் கேட்கிறோம். காற்றில் இணைப்பு அறுந்தாலும் தேனி ரூட்டரின் ஈதர்நெட் போர்ட் உயிரோடு இருக்கும், 42 தன் கேபிளிலேயே இருப்பதாக அது நினைத்து ஏஆர்பி (இந்த முகவரி யாருடையது என்ற கேள்வி) கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் போடி ரேடியோவைத் தொட, வளையத்தின் மறுபக்கமாகப் போடி ரூட்டரின் லூப்பேக்குக்குள் (எந்த இணைப்பையும் சாராத, ரூட்டரின் சொந்த முகவரி) போய் அங்கிருந்துதான் நுழைய முடியும். ஆகவே ஆறு ரூட்டருக்கும் 10.20.255.1 முதல் 10.20.255.6 வரை /32 லூப்பேக் கட்டாயம். ரூட்டர் ஐடியும் அதுவே.

ஓஎஸ்பிஎஃப்பில் இணைப்புகள் எல்லாம் பாயிண்ட் டு பாயிண்ட் வகையாக இருக்கட்டும், டிஆர் (ஒரு ரூட்டரைத் தலைமையாகத் தேர்வது) தேர்தல் வேண்டாம். இந்த வகையில், அண்டை ரூட்டரைக் கண்டறிய அனுப்பும் ஹலோ பாக்கெட் மாஸ்க்கைச் சரிபார்க்காது. தட்டச்சுப் பிழை தானாக வெளிவராது என்பதால் இரு முனையையும் கண்ணால் ஒப்பிட்டு எழுதிக் கொடுங்கள். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) இரு முனையிலும் ஒன்றாக இல்லாவிட்டால் ஓஎஸ்பிஎஃப் உறவு முழுமையடையாமல் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றுவிடும், அதையும் பாருங்கள். இப்போது எல்லா முனையிலும் காஸ்ட் (வழியைத் தேர்வதற்கான மதிப்பு, குறைவானதே முன்னுரிமை) 10 என்று விட்டிருக்கிறீர்கள். ரேடியோவின் போர்ட் 1 ஜிபிபிஎஸ் என்பது கணக்கில்லை, காற்றில் உண்மையில் ஓடும் வேகமே கணக்கு. 10,000-ஐ அந்த எம்பிபிஎஸ்ஸால் வகுத்துப் போடுங்கள்: 400 என்றால் 25, 125 என்றால் 80. அண்டை ரூட்டர் போய்விட்டதாக முடிவு செய்யும் டெட் டைமர் 40 விநாடி காத்திருக்காமல் இருக்க, இணைப்பு அறுந்ததை விரைவாகக் கண்டறியும் பிஎஃப்டி 300 மில்லிவிநாடிக்கு ஒன்று, ஐந்து தவறினால் அறுந்ததாகக் கொள்ளட்டும். இதற்கு மேல் இறுக்கினால் பக்கத்து ஆபரேட்டரின் இரைச்சலுக்கே இணைப்பு விழுந்து எழும்.

மாற்றும் வரிசை முக்கியம். முதலில் போடி–தேனி. ஆர்எஸ்டிபி அடைத்து வைத்திருப்பதால் அதில் சந்தாதாரர் டேட்டா இல்லை, அந்த இரு போர்ட்டுகளையும் பிரிட்ஜிலிருந்து எடுத்தால் யாருக்கும் தடை வராது. ஆனால், அந்த இரு ரூட்டருக்கும் இடையிலான பழைய 22, 25 முகவரிகளையும் அதே நேரத்தில் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சுற்று வழியிலேயே அவற்றின் ஓஎஸ்பிஎஃப் அண்மை உறவு தொடரும். புதிய /29-இல் ஓஎஸ்பிஎஃப் ஏறியதும் வளையம் லேயர் 2-இல் வெறும் சங்கிலியாகிவிடும். பிறகு மற்ற ஐந்தையும் இரவு 1 மணிக்கு மேல் ஒவ்வொன்றாக, தொலைவில் உள்ள முனையை முதலில் மாற்றி முடியுங்கள். ரேடியோக்களுக்குப் புதிய முகவரி போட்டு, இரு பக்கமிருந்தும் தொட முடிகிறதா என்று பார்த்த பிறகே 192.168.1.0/24-ஐ அழிக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருத்திய திட்டத்தை எழுத்தில் அனுப்பி, வேலை தொடங்கும் தேதியையும் தெரிவிக்கவும். போடி–தேனி கவுண்டரில் மாலை நேர டேட்டா ஓடுவதையும், ஏதாவது ஓர் இணைப்பை அணைத்தால் மற்ற டவர்கள் 3 விநாடிக்குள் மறுவழியில் வருவதையும் எங்கள் முன்னிலையில் காட்டிய பிறகே நிலுவைத் தொகை விடுவிக்கப்படும். சின்னமனூர் ரேடியோவுக்கான விலைப்புள்ளியை நிராகரிக்கிறோம்.

இப்படிக்கு,
பொறுப்பு அலுவலர்,
தொழில்நுட்பப் பிரிவு, தேனி.