ஸ்கிரீன்ஷாட் இருந்தும் வழக்கில் தவிப்பவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாடகை அட்வான்ஸ், கைமாற்று, சம்பளப் பாக்கி என எந்தத் தகராறிலும் இன்று சாமானியரின் கையில் இருக்கும் ஆதாரம் வாட்ஸ்அப் செய்தியும் அழைப்புப் பதிவும்தான். நீதிமன்றம் அவற்றை எந்த நிபந்தனையோடு ஏற்கும் என்பதோ, பலருக்கு வழக்குக்குப் போன பிறகே தெரியவருகிறது.

வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒருவருக்கு, "அட்வான்ஸ அடுத்த மாசம் தந்துடறேன்" என்று வீட்டு உரிமையாளர் செய்தி அனுப்பியிருந்தார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார் அவர். தம்புச் செட்டித் தெருவில் அவர் அணுகிய வழக்கறிஞர் முதலில் கேட்டதே, "அந்த போன் எங்கே?" என்றுதான்.

செய்தி பதிவான போன் போன்ற மூலக் கருவியை அதன் உரிமையாளரே சாட்சிக் கூண்டேறி ஒப்படைத்தால் தனியாகச் சான்றிதழ் தேவையில்லை, நகலைத் தாக்கல் செய்தால், அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிசொல்லும் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 63-ஆவது பிரிவாக உள்ளது. புதிய சான்றிதழின் முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் கைரேகை போன்றதும், அதில் சிறு மாற்றம் செய்தாலும் மாறிவிடுவதுமான ஹேஷ் மதிப்பு என்ற குறியீட்டையும் அதில் குறிப்பிட வேண்டும்.

வெட்டி ஒட்டிய குரல் பதிவால் குற்றமற்றவர் சிக்கிவிடக் கூடாது என்பதால் இந்தக் கண்டிப்பை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ரகசியப் பதிவைத் திருமண வழக்குகளில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், பதிவின் நம்பகத்தன்மையைச் சோதிப்பது இன்னும் அவசியமாகிறது.

ஆனால், சில ஆயிரம் ரூபாய் அட்வான்ஸுக்காக வழக்காடுபவர் அந்த நிபுணரை எங்கே தேடுவார், அவருக்கு எவ்வளவு கட்டணம் கொடுப்பார்? இலவச சட்ட உதவி கேட்டு 15100 என்ற எண்ணை அழைப்பவர்களுக்கு, போனை மாற்றாமலும் உரையாடலை அழிக்காமலும் வைத்திருக்கும்படி முதல் அழைப்பிலேயே சொல்ல வேண்டும். சென்னை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, சான்றிதழில் கையொப்பமிடத் தகுதியான நிபுணர்களின் பட்டியலையும் அவர்களுக்கான நியாயமான கட்டணத்தையும் நீதிமன்ற வளாகங்களில் தமிழில் எழுதி வைப்பதோடு, வசதியற்றவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் தானே ஏற்கவும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை.