பழி சுமந்த இறால்

மன்னார்குடி

அன்புள்ள சேது,

இங்கு எல்லோரும் நலம். மல்லிகாவுக்கு மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. குறுவை அறுத்தாயிற்று. ஈரப்பதத்தைக் காரணம் காட்டி நெல்லை எடுக்காமல் இழுத்தடித்த கதையை ஆரம்பித்தால் கடிதம் முழுவதும் வசவாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். செய்தி இதுதான்: உன் அக்கா கல்யாணப் பந்தியில் முகம் சிவந்து உடம்பு தடித்ததிலிருந்து, ஒவ்வாமை என்று நான் தொடாத இறாலை, போன மாதம் தஞ்சாவூரில் ஒரு மருத்துவரின் கண்ணெதிரே உட்கார்ந்து தின்றேன். உயிரோடிருந்துதான் எழுதுகிறேன்.

அன்று நீ சூட்டிய ‘அனுமார்’ பட்டம் கும்பகோணம் கல்லூரி விடுதி வரை என்னைத் துரத்தி வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இறாலோடு நண்டு போயிற்று, பிறகு கருவாடு போயிற்று, கரப்பான் பண்டம் என்று யாரோ சொன்னதால் கத்தரிக்காயும் போயிற்று. பட்டியல் வளர்ந்துகொண்டே இருந்ததே தவிர, அதிலிருந்து ஒரு பெயர்கூட அடிபடவில்லை. தாத்தா தொடாததைத் தானும் தொடமாட்டேன் என்று பேத்தி தட்டைத் தள்ள ஆரம்பித்த பிறகுதான், மருமகள் என்னைப் பிடித்து ஒவ்வாமைச் சோதனைக்கென்று வண்டியில் ஏற்றினாள்.

அரிப்புக்குப் போடும் செட்டிரிசின் மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். முன்கையில் பேனாவால் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஒரு சொட்டுச் சாறு வைத்து, அதன் வழியே மேல்தோலில் லேசாக ஊசி முனையால் குத்தினார்கள். அவற்றுள் ஒரு சொட்டு, தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள். அது தடித்தே ஆக வேண்டும். இன்னொன்று உப்புநீர்; அது தடிக்கக் கூடாது. கால் மணி நேரம் கழித்து அளவுகோலோடு வந்தார்கள். உப்புநீரைவிட 3 மில்லிமீட்டராவது அதிகமாகத் தடித்தால்தான் கணக்கில் சேருமாம். கத்தரிக்காய் சும்மா கிடந்தது. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் சாறு வைத்த இடம் நன்றாக எழும்பி நின்றது. இறாலும் நண்டும் 4 மில்லிமீட்டரில் வந்து நின்றன.

‘பார்த்தீர்களா, நான் சொல்லவில்லையா’ என்று வெற்றியோடு மருமகளைப் பார்த்தேன். மருத்துவர் அசையவில்லை. இறாலிலும் தூசிப் பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒரே சாயலில் இருப்பதால், பழைய மெத்தையின் தூசியை எதிர்த்து உடம்பு உண்டாக்கி வைத்திருக்கும் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்புப் புரதம் இறாலைக் கண்டாலும் எழுந்து நிற்கக்கூடும் என்றும், தோலில் தடிப்பதால் மட்டும் தின்றால் ஆகாது என்று முடிவுகட்ட முடியாது என்றும், வாயில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார்.

ஒவ்வாமை முற்றினால் உடனே போடும் அட்ரினலின் ஊசியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, உப்பு மட்டும் போட்டு வேகவைத்த இறாலில் கடுகளவு கொடுத்தார்கள். சற்று நேரம் பொறுத்து இன்னும் கொஞ்சம், அதன்பின் அதைவிடக் கூடுதலாக என்று அளவு ஏறிக்கொண்டே போயிற்று. இடையிடையே நாடி, ரத்த அழுத்தம், தோல், மூச்சு எல்லாவற்றையும் பார்த்தார்கள். நடுவில் நாக்கு அரிக்கிறது என்று சத்தியம் செய்தேன். செவிலியர் டார்ச் அடித்துப் பார்த்து, ‘ஒன்றுமில்லை ஐயா, பேசாமல் மென்று விழுங்குங்கள்’ என்றார். கடைசியில் ஒரு கிண்ணம் இறால் உள்ளே போய், அதற்கு மேலும் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் அன்று என்னதான் நடந்தது? பந்தியில் வேறென்ன மீன் இருந்தது என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். கானாங்கெளுத்திக் குழம்பு, அதுவும் மே மாதத்தில், பனிக்கட்டி தீர்ந்து போனதற்கு உன் அப்பா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாரே, அந்த மீன். அந்த வகை மீன் சூட்டில் கிடந்தால் அதிலேயே ஹிஸ்டமின் உண்டாகிவிடுமாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாதாம். தின்றவனுக்கு முகம் சிவந்து உடம்பு தடிப்பது ஒவ்வாமை போலவே இருக்குமாம். உன் சித்தப்பாவுக்கும் அன்று முகம் சிவந்திருந்ததற்கு நாமெல்லாம் வேறு காரணம் கற்பித்துச் சிரித்தோமே, பாவம். இத்தனை காலம் கழித்து உறுதியாகச் சொல்ல இயலாது என்றுதான் மருத்துவரும் சொன்னார். ஆனால் நான் நாகப்பட்டினம் வரும்போதெல்லாம் இறால் சட்டியை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாரே உன் அம்மா, அவரிடம் இதைச் சொல்ல வழியில்லாமல் போனது எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு கூத்து. தேறியதோடு நிறுத்திவிடாமல் அவ்வப்போது சாப்பிட்டு வரவேண்டும் என்றும், ஆகும் என்று தெரிந்த பிறகும் தொடாமலே இருப்பவர்கள் பலர் உண்டு என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள். மல்லிகா தொக்கு வைத்தால் சோற்றுக்குள் இறாலைத் தேடித் தேடி ஒதுக்குகிறேன். தின்ற இரவுகளில் விளக்கைப் போட்டுக் கையைப் பார்த்துக்கொள்கிறேன். போதாக்குறைக்கு, ‘அவருக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று பந்திகளில் எனக்கென்று தனியாக வந்துகொண்டிருந்த ஆம்லெட்டும் போயிற்று.

இனி உன் விஷயம். நீ அனுப்பியிருந்த ரத்தச் சோதனை அட்டவணையை மருத்துவரிடம் காட்டினேன். அதில் இருப்பது ஐஜிஇ அல்ல, ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம். நாம் தின்று பழகியவற்றுக்கு உடம்பில் அது இருப்பது இயல்பு என்றும், அதை வைத்து ஒவ்வாமை என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் சொன்னார். இந்தக் காகிதத்தை நம்பியா பாலையும் முட்டையையும் கோதுமையையும் விட்டு இப்படி இளைத்துப் போனாய்?

ஆனால் வேர்க்கடலை அப்படியல்ல, சேது. கடலை மிட்டாய் தின்ற சற்று நேரத்தில் தொண்டை அடைத்து மூச்சு இழுக்க, உன்னை நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் நேரில் பார்த்தவன். ‘தங்கராசே தின்றுவிட்டான்’ என்று வீட்டில் ஒரு பருப்பைக்கூட வாயில் போட்டுப் பார்க்காதே. உன் குணம் எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தைப் பொங்கலுக்கு வரும்போது பழைய மருத்துவச் சீட்டுகளையும் எடுத்து வா. தஞ்சாவூரில் நேரம் வாங்கி வைக்கிறேன். அரிப்பு மாத்திரை எதையாவது போட்டுக்கொண்டிருந்தால் அதன் பெயரை முன்கூட்டியே எழுது. எப்போது நிறுத்துவது என்று அவரிடமே கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
தங்கராசு