மீன்தொட்டி மூடிக்குள் வெள்ளைப் பெயின்ற் போதும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான் முள்ளியவளையில் ஓடாவி வேலை செய்பவன். கதவு, யன்னல்தான் தொழில். கடந்த ஆறேழு வருடமாக மீன்தொட்டிகளுக்கு மேசையும், ரியூப் லைற் பூட்டும் மர மூடியும் செய்து கொடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டோடு கப்பி, ஏஞ்சல் வளர்த்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு தங்கச்சி தன் மூடியைத் திருத்தக் கொண்டுவந்தார். உள்ளே முழுக்கச் சமையலுக்குப் பாவிக்கும் அலுமினியத் தாள். பயிற்சி ஒன்றில் அப்படி ஒட்டச் சொன்னார்களாம். ஈரத்தில் பசை விட்டு, ஒரு மூலை தொங்கி, ரியூப் ஹோல்டரில் முட்டியிருக்கிறது. மூடியைத் தூக்கப் போனவருக்குக் கரண்ட் அடித்துவிட்டது. கையை உதறியதால் தப்பினார். பக்கத்தில் அவருடைய நாலு வயது மகன் நின்றிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அலுமினியத் தாள் கரண்டைக் கடத்தும். தண்ணீருக்கு மேலே, எந்நேரமும் ஈரம் படியும் இடத்தில், வயர் முனைகளுக்குப் பக்கத்தில் அதை ஒட்டச் சொல்லவே கூடாது.

2022 இல் கரண்ட் பில் ஏறிய பிறகு, இருக்கிற வெளிச்சத்தை வீணாக்காமல் தொட்டிக்குள் இறக்க எல்லோரும் வழி தேடுவது நியாயம்தான். ஆனால் பளபளப்பாக இருந்தால் வெளிச்சம் கூடும் என்று நம்புவதில்தான் பிழை. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன் நான். விளக்குக்குப் பின்னால் அப்பா பிஸ்கட் பெட்டி மூடியொன்றை நிமிர்த்தி வைப்பார். புத்தகத்தில் ஓரிடம் பளிச்சென்று தெரியும், பக்கத்து வரி இருட்டாக இருக்கும். ஒரு பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தோம். அதன் பிறகு மூடியை வைக்காமலே பாய் முழுக்க வெளிச்சம் பரவியது. இன்றைக்கு மீன்தொட்டி மூடிக்குள் நடப்பதும் அதுதான்.

ரியூப் லைற் சுற்றிவர எரியும். பாதி வெளிச்சம் மேலே போகிறது. சாதாரண ரியூப்பின் தடிப்பு 26 மில்லிமீற்றர். அதன் தலைக்கு மேல் நெருக்கமாகத் தட்டையான பளபளப்புத் தகட்டை வைத்தால், திரும்பும் வெளிச்சத்தில் ஒரு பங்கு அந்த ரியூப்பிலேயே பட்டு வீணாகும். பளபளப்புப் பொருள் வேலை செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு ரியூப்புக்கும் மேலே இரண்டு பக்கமும் சரித்து வளைத்திருக்க வேண்டும். மினுக்கிய அலுமினியத்தில் தொழிற்சாலையில் அப்படி வளைத்து வருபவை உண்மையிலேயே நல்லவை. ஆழமான தொட்டியில், வெளிச்சம் கூடக் கேட்கும் செடி வைப்பவர்கள் அதற்குக் காசு கொடுக்கலாம். கப்பிக்கும், நம் நாட்டுக்கே உரிய, மங்கலிலும் வளரும் கிரிப்டோகொரைன் வெண்ட்டிச் செடிக்கும் அது தேவையில்லை.

நல்ல மினுக்கமில்லாத வெள்ளைப் பெயின்ற் தன்மேல் படும் வெளிச்சத்தில் 80 முதல் 90 வீதம் வரை திருப்பி அனுப்பும். சுத்தமான அலுமினியம் 90 வீதத்துக்குக் கிட்ட. துருப்பிடிக்காத உருக்குத் தகடு கண்ணுக்குத்தான் பளபளப்பு, திருப்புவது 60 வீதமளவுதான். முகம் பார்க்கும் கண்ணாடியும் வேண்டாம். பாரம் அதிகம், வெளிச்சம் கண்ணாடியை இரண்டு தரம் கடக்க வேண்டும், ஈரம் ஏறினால் பின்பூச்சு ஓரத்திலிருந்து கறுக்கும். நாகம் (சிங்க்) பூசிய தகரத்தில் வேர்த்துச் சொட்டும் தண்ணீர் நாகத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கும். மீனுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு. சுண்ணாம்பு அடிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அது உதிர்ந்து தண்ணீரில் விழுந்து காரத்தன்மையைக் கூட்டும்.

நான் செய்வது இவ்வளவுதான். மரத்துக்கு ஒரு அண்டர்கோட், அதற்கு மேல் மினுக்கமில்லாத தூய வெள்ளை மூன்று கோட். கிறீம் நிறம் கூடாது, அது வெளிச்சத்தில் ஒரு பங்கைக் குடித்துவிடும். பெயின்ற் மணம் முற்றாகப் போகும்வரை, குறைந்தது ஒரு கிழமை, வெளியில் வைத்துக் காயவிட்ட பிறகே தொட்டியில் ஏற்றுவேன். எல்.ஈ.டி. பூட்டுபவர்களுக்கு இதுவும் பெரிதாகத் தேவைப்படாது. அது பெரும்பாலும் கீழ்நோக்கியே எரிகிறது.

இன்னுமொன்று. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடியைப் பாருங்கள். சவர்த் தண்ணீர் தெறித்துக் காய்ந்து அதில் வெள்ளைப் படை பிடித்திருக்கும். மேலே எதை ஒட்டினாலும் அந்தப் படை வெளிச்சத்தை மறிக்கும். கண்ணாடியைக் கழற்றி, தேசிக்காய்ப் புளி பூசி ஊறவிட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிப் பூட்டுங்கள். அந்தத் தங்கச்சியின் தொட்டியில் இதைச் செய்த உடனேயே அடியில் கிடந்த மணல் தெரிந்தது.

பயிற்சி கொடுப்பவர்களும் தொட்டிக் கடைக்காரரும் அலுமினியத் தாள் ஒட்டச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். என்னிடம் மூடி வாங்கிப் பிறகு தாள் ஒட்டியவர்கள் யாராவது இருந்தால் கொண்டுவாருங்கள். உரித்து வெள்ளை அடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகுதான் மூடியில் கை வையுங்கள்.

இப்படிக்கு,
ஓடாவி ஒருவர்,
முள்ளியவளை.