ஒரோமோ அம்மாக்களைத் திட்டிப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களிடம் பெண் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கம் இன்னும் நீடிப்பதைப் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியதற்கு நன்றி. ஆனால் "காட்டுமிராண்டித்தனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரோமோ மக்கள் வாழும் ஒரோமியா மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நான்கு வருடம் பாடம் நடத்தியவள் நான். நம் ஊரிலிருந்து நிறையப் பேர் அங்கே வாத்தியார் வேலைக்குப் போயிருக்கிறோம். நான் குடியிருந்த வீட்டின் அம்மா ஒருநாள் காபிக்கொட்டையை வறுத்து, வாசனை பிடிக்கச் சொல்லிப் புகையைக் கையால் என் பக்கம் விசிறிக்கொண்டே சொன்னார்: "எனக்குச் செய்தபோது பட்ட வலி இன்னும் மறக்கவில்லை. ஆனால் இவளை அப்படியே விட்டால் யார் கட்டுவார்கள்? போகிற வீட்டில் சொல்லிச் சொல்லியே கொன்றுவிடுவார்கள்." பக்கத்தில் அவருடைய சின்ன மகள் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கொடுமைக்காரி இல்லை. பயந்தவர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2004 குற்றவியல் சட்டப்படி இது குற்றம், குறைந்தது 3 மாதச் சிறை அல்லது 500 பிர் (அந்த நாட்டுப் பணம்) அபராதம். அப்படியும் 2016 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 15 முதல் 49 வயதுப் பெண்களில் 65 சதவீதம் பேருக்கு இது நடந்திருந்தது, ஒரோமியாவில் நான்கில் மூன்று பேருக்கு. மதம்தான் காரணம் என்கிறது கட்டுரை. மதத்தின் பெயரைச் சொல்கிறவர்கள் உண்டுதான், ஆனால் அங்கே முஸ்லிம் வீட்டிலும் நடக்கிறது, கிறிஸ்தவ வீட்டிலும் நடக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான் எல்லா வீட்டுக்கும் பொது. ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் கல்யாணம் தட்டிப்போகும், அதனால் யாரும் முதல் ஆளாக நிறுத்த மாட்டார்கள்.

இதில் எனக்குத் தாங்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. ஒரோமோ கல்யாணத்தில் அம்மா தன் மகள் கையில் 'சீங்கே' என்று ஒரு மெல்லிய கோலைக் கொடுத்து அனுப்புவார். புருஷன் அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்தக் கோலோடு திரண்டு வந்து நியாயம் கேட்பார்கள், ஆண்கள் அதை மீறக் கூடாது. பெண்ணின் மானத்துக்குக் காவலாகக் கோலைக் கொடுக்கிற அதே அம்மாதான் அதற்கு முன்னால் மகளைக் கத்திக்கும் கொடுக்கிறார். அந்தக் கோலை இதற்கு எதிராகத் தூக்கினால் என்ன? சட்டங்களைக் கூடிப் பேசி மாற்றுவது 'கடா' என்கிற அவர்களுடைய பாரம்பரிய ஆட்சி முறையிலேயே இருக்கிறது. 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்களே, அதுதான்.

நடக்காத காரியமும் இல்லை. அதே நாட்டில் தெற்கே கெம்பாட்டாவில் போகலெட்ச் கெப்ரே, சின்ன வயதில் தானே வெட்டுப்பட்டவர், ஊர் ஊராக எல்லோரையும் உட்காரவைத்து வருடக்கணக்கில் பேசவைத்தார். 2000-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கல்யாணத்தில் மணப்பெண் "எனக்கு வெட்டவில்லை" என்று அட்டை மாட்டிக்கொண்டு நின்றாள், அவளைக் கட்டிக்கொள்வதில் சந்தோஷம் என்று மாப்பிள்ளை கழுத்திலும் ஒரு அட்டை. கூட்டம் கூட்டமாக ஜனம் வந்து பார்த்தது. யார் கட்டுவார்கள் என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது.

அடுத்த முறை எழுதும்போது தயவுசெய்து கெம்பாட்டாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அப்புறம், ஒரோமோ இளைஞர்களிடமும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி