கியூ கச்சாமிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ராமநாதன்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததையும் உன் முழங்கால் வலி குறைந்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். அறுபதை நெருங்கும் நம்மைப் போன்றவர்கள் லாவோஸ் மலைகளில் சைக்கிள் ஓட்ட இயலுமா என்று கேட்டிருந்தாய். லுவாங் பிரபாங்கிலிருந்து புறப்பட்டு இந்தக் கியூ கச்சாம் வந்து சேர்ந்த இன்றைய பொழுதை அப்படியே எழுதிவிடுகிறேன். முடிவை நீயே எடுத்துக்கொள்.

தூரம் என்னவோ சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால் லுவாங் பிரபாங் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில், மேக்கொங் கரையில் இருக்கிறது. இவ்வூரோ 1,400 மீட்டர் அளவில் மலை முகட்டில் இருக்கிறது. போதாக்குறைக்கு, முதல் ஏற்றத்தில் பாடுபட்டுச் சேர்த்த உயரத்தையெல்லாம் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கித் தொலைத்துவிட்டுத்தான் இரண்டாவது ஏற்றத்தைத் தொடங்க வேண்டும். ஆயினும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினோமே, அந்த மூச்சுத் திணறல் இங்கே இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் உருவான இந்த 13ஆம் எண் சாலை, மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, சீரான சாய்வில் நெடுந்தூரம் ஏறிச் செல்கிறது. சிறிய கியரில் போட்டுவிட்டால் கால்கள் தாங்கிக்கொள்கின்றன; சோதிக்கப்படுவது பொறுமைதான்.

சியெங் நியூன் வரையிலான சமவெளிப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கான் ஆற்றை ஒட்டிய, தூசு நிறைந்த சாலை, அவ்வளவே. முகட்டை எட்டிய பிறகு வரும் சிற்றூர்கள்தான் இந்த வழியின் செல்வம். மலை உச்சிகளில் சிதறி வாழ்ந்த மக்களைச் சாலையோரங்களில் குடியமர்த்தும் கொள்கையை லாவோஸ் அரசு பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறது. முகட்டில் சமதளம் என்று ஏதும் கிடையாது. பல வீடுகளின் முன்வாசல் தார்ச்சாலையைத் தொட, பின்பகுதி பள்ளத்தின்மேல் மரக்கால்களில் தொங்குகிறது. ஆகவே அந்த ஊர்களுக்கு முற்றம், களம், விளையாட்டுத் திடல் எல்லாமே இந்தச் சாலைதான். மண்தரையிலேயே வீடு கட்டுவோர் மோங் மக்கள் என்றும், தூண்கள்மேல் கட்டுவோர் கெமு மக்கள் என்றும் ஓரளவு அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இது பிப்ரவரி மாதமாதலால் வழிநெடுகத் துடைப்பப் புல் அறுவடை. நம் வீடுகளில் பூந்துடைப்பம் என்று வைத்திருக்கிறோமே, அதே புல்தான். பெண்கள் அதைக் கத்தை கத்தையாகப் பிடித்துத் தார்ச்சாலையில் ஓங்கி அடித்துப் பூந்தூளை உதிர்க்கிறார்கள்; பிறகு சாலையின் ஓரத்திலேயே பரப்பிக் காய வைக்கிறார்கள். உலர்ந்த புல்லை வியாபாரிகள் வாங்கித் தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் அனுப்புகிறார்கள். அந்தத் தூளில் எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. அதைக் கண்டு ஒரு பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகள் 'சபாய்தி' (லாவோ மொழியில் வணக்கம்) என்று கூவிக்கொண்டு ஓடிவந்து கைதட்டக் கையை நீட்டுகிறார்கள். மாலையில் சாலையோரப் பொதுக் குழாயடியில் பெண்கள் துணியைச் சுற்றிக்கொண்டு குளிக்கிறார்கள். அங்கே பார்வையை நேராக வைத்துக்கொண்டு கடந்து விடுவதே மரியாதை. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான்: வளைவுக்கு அப்பால் கோழியோ, பன்றிக்குட்டியோ, பாதி தவழும் குழந்தையோ இருக்கலாம்.

2021 டிசம்பரில் திறக்கப்பட்ட லாவோஸ்–சீன ரயில், லுவாங் பிரபாங்கிலிருந்து தெற்கே உள்ள வாங் வியெங் நகருக்குச் சுமார் ஒரு மணி நேரத்தில் கொண்டுசேர்த்து விடுகிறது. அப்பாதையின் ஏறத்தாழ பாதி, 75 சுரங்கங்களுக்குள் ஓடுகிறது என்பதால் பயணிக்கு மலை தென்படுவதே அரிது. சுற்றுலாப் பேருந்துகளில் சென்றவர்களில் பலர் ரயிலுக்கு மாறிவிட்டபோதிலும் சரக்கு லாரிகள் குறையவில்லை. அவை முனகிக்கொண்டு ஏறும்போது சில சமயம் என் வேகமும் அவற்றின் வேகமும் ஒன்றாகவே இருந்தன, புகையைத்தான் பொறுக்க முடியவில்லை.

சாப்பாட்டுக்கு நீ சற்றுத் திட்டமிட வேண்டும். சிறு கடைகளில் நூடுல்ஸ் பொட்டலமும் தண்ணீரும் கிடைக்கும். சூப் என்றால் பெரும்பாலும் இறைச்சிச் சாறுதான். நான் காலையில் சந்தையில் வாங்கிய ஒட்டும் அரிசிச் சோற்றையும் வாழைப்பழத்தையும் வைத்தே பகலை ஓட்டினேன். சைவனாகிய உனக்கும் அதுவே வழி.

நாளை பூ கூனில் 7ஆம் எண் சாலைக்குத் திரும்பி, சியெங் குவாங் மாநிலத் தலைநகரான போன்சவானை நோக்கிச் செல்ல எண்ணியிருக்கிறேன். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் இந்நாட்டின்மீது இருபது லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளைக் கொட்டின. அவற்றில் வெடிக்காதவை அம்மாநிலத்து மண்ணில் இன்றும் புதைந்து கிடக்கின்றன. ஆகவே அங்கே அவசரத்துக்கும்கூடத் தடம் விட்டுக் காட்டுக்குள் இறங்கக் கூடாது.

வருவதானால் நவம்பரிலோ டிசம்பரிலோ வா. மார்ச்சில் காடெரிப்புப் புகை மலைகளை மூடிவிடும். இரவில் இங்கே குளிர் கடுமை. விடுதியில் இரண்டு கம்பளிகள் தந்தும் போதவில்லை. உன் சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பற்கள் என்று எண்ணிப் பார். 32க்குக் குறைவாக இருந்தால் மாற்றிவிடு. முழங்காலுக்கு அதுதான் பாதுகாப்பு. மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
கதிரேசன்